அம்பயரின் இடது தோள்

பந்து போட ஒன்பது அடி ஓடிவருவேன். அதில் ஏழாவது அடியில் இடப்பக்கம் ஒதுங்குகிறேன் என்பது எழுபத்தொரு வயதில், இரண்டு முறை விழுந்த பிறகு, இன்னொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மந்தைவெளிப் பக்கம் ஒரு மாநகராட்சி மைதானத்தில் ஞாயிறு காலைகளில் டென்னிஸ் பந்தில் ஆடுகிறோம். அறுபது தாண்டிய பதினேழு பேர், மழைக்காலத்தில் பதினொருவர். முதல் முறை விழுந்தபோது முழங்கை உரிந்தது. இரண்டாம் முறை இடுப்பில் நல்ல அடி, எலும்பு தப்பியது. எங்கள் கேப்டன் தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. கீப்பரும் அவர்தான் என்பதால் நான் ஓடிவருவதை நேர் எதிரே இருந்து பார்ப்பவர்.

"சார், இன்னொரு தடவ விழுந்தீயன்னா பந்து கிடையாது. ஓரமா உக்காந்து கை தட்டுங்க. ஒங்க வீட்டம்மாவுக்கு எவன் பதில் சொல்லுவான்?" என்றவர், என்னைத் தூக்கி நிறுத்திக்கொண்டே கேட்டார்: "ஆமா, யாருக்கு ஒதுங்குதீய? நடுவுல தூணா நிக்கி?"

நான் யாருக்கும் ஒதுங்கவில்லை என்றேன். புதிய அம்பயர் ஸ்டம்புக்கு ஆறடி பின்னால் மரியாதையாக நிற்கிறார். வழி காலியாகத்தான் இருந்தது.

ஆனாலும் மனசு ஆறவில்லை. பந்து போடுவதை விட்டுவிட்டால் என் ஞாயிற்றுக்கிழமையில் மிச்சம் இருப்பது மாத்திரையும் செய்தித்தாளும்தான். மறுநாள் எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் கோலப்பொடியைப் பரப்பி, வெறுங்காலோடு ஓடினேன். நான்கு முறை ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஆறு தடங்கள் நேர்கோட்டில் வந்தன. ஏழாவது இடப்பக்கம் விலகியிருந்தது, எட்டாவது இன்னும் கொஞ்சம். ஒன்பதில் இடது பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விளிம்பு மட்டும் பதிந்திருந்தது. நான்கு முறையும் அப்படியே. அந்த வளைவுக்கு உள்ளே பொடி கலையாமல் கிடந்தது. ஓர் ஆள் நிற்கும் அளவு இடம்.

அப்போதுதான் புரிந்தது. அது பாய் நிற்கும் இடம்.

பாய் ராயப்பேட்டையில் தையல்கடை வைத்திருந்தார். மட்டையையும் பந்தையும் தொட்டதில்லை, ஆனால் இருபத்தாறு வருடம் எங்களுக்கு அம்பயர் அவர்தான். கண் பார்வை மங்கல். கோடு தெரிய வேண்டும் என்று ஸ்டம்பை ஒட்டி நிற்பார், அதுவும் இடது தோள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும்படி. மற்றவர்கள் "தள்ளு பாய்" என்று கத்துவார்கள். நான் சொன்னதில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் போடப் பழகிவிட்டேன். என் சட்டைக் கை அவர் தோளில் உரசும்.

"நோ பால்! இன்னா நைனா, உன் கால் பக்கத்துத் தெருவுல கீது."

"உமக்குக் கோடே தெரியாது பாய்."

"கோடு தெரியாட்டி இன்னா? உன் மூஞ்சிய பாத்தாலே தெரியுது, தப்பு பண்ணிட்டேன்னு."

தை மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். எனக்குத்தான் அது தெரியும். என் கால்களுக்குத் தெரியவில்லை.

மாடியில் நின்று அந்தத் தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி மேலே வந்தாள். "ஏன்னா, கோலப்பொடிய இப்படிக் கால்ல மிதிச்சுண்டு என்ன கூத்து இது?" என்று கேட்டபடி நேராக வந்து அந்த இடத்தில் நின்றாள்.

"அங்க நிக்காதே!"

நான் போட்ட சத்தத்தில் தண்ணீர்த் தொட்டி மேலிருந்த புறாக்கள் பறந்தன. அவள் பயந்து இரண்டடி பின்வாங்கினாள். காரணம் கேட்டாள். வழுக்கும் என்றேன்.

அடுத்த மூன்று வாரங்கள் மைதானத்துக்குப் போகவில்லை. சாய்ந்த உடம்பை நிமிர்த்துவதே வேலை. சுவரைத் தொடாமல் இடது காலில் மட்டும் முப்பது எண்ணும்வரை நிற்பது. பந்தை விடும்போது தலை தோளின் பக்கம் சரியாமல், இரண்டு கண்ணும் ஸ்டம்பையே பார்ப்பது. இடது கையை உயர்த்தி, அதைக் கீழே இழுக்கும் வேகத்தில் வலது கையை மேலே கொண்டுவருவது. இவையெல்லாம் சீக்கிரம் வந்தன. நேராக ஓடுவதுதான் வரவில்லை. கொடிக்கயிறு ஒன்றைத் தரையில் நீட்டிப் போட்டு அதை ஒட்டியே ஓடினேன். ஏழாவது அடிக்கு முன்னால் வலது தோள் தானாக உள்ளே சுருங்கும், கூட்டத்தில் யார் மீதும் இடிக்காமல் போகிறவனுக்குச் சுருங்குவதுபோல. மூன்றாவது வாரம் தடங்கள் கயிற்றோடு வந்தன. ஆனால் அது மாடி. பாய் ஒருநாளும் எங்கள் மாடிக்கு வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி பந்தைக் கையில் கொடுத்தார். "பாத்து சார். இது கடைசி சான்ஸு, சொல்லிட்டேன்."

ஓடினேன். ஐந்து, ஆறு. ஏழில் கண்ணை மூடிவிட்டேன். "கொஞ்சம் தள்ளிக்கோ பாய்" என்று என் வாய் சொன்னது எனக்கே கேட்டது. பந்து எங்கே விழுந்தது என்று தெரியாது. நான் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது இரண்டு காலில் நேராக நின்றிருந்தேன்.

"அப்படிப் போடுங்க!" என்று அண்ணாச்சி கத்தினார். "நடு ஸ்டம்புக்கு நேரா! மயிரிழையில தப்பிச்சான்."

திரும்பி நடக்கும்போது குனிந்து பார்த்தேன். ஈர மண்ணில் என் ஷூவின் தடம், பாயின் ரப்பர் செருப்பு இருக்க வேண்டிய இடத்தின் மேலேயே பதிந்திருந்தது. இன்னும் ஐந்து பந்துகள் பாக்கி.

இரண்டாவது பந்தில் தோள் சுருங்கியது, ஆனால் கால் நேராகப் போயிற்று. வாய்க்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மூன்றாவதில் வலது கையில் ஏதோ உரசியதுபோல இருந்தது. என் சட்டைதான். நான்காவதில் எதுவும் உரசவில்லை. ஐந்தாவது போட்ட பிறகுதான், அவரை நினைக்காமலே ஓடிவந்துவிட்டேன் என்று தெரிந்தது. ஆறாவதில் ஓர் ஆள் அவுட்.

எல்லோரும் வந்து முதுகில் தட்டினார்கள். இனிமேல் முதல் ஓவர் சாருக்குத்தான் என்று அண்ணாச்சி அறிவித்தார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. என் தடங்களால் கலைந்து கிடந்த பாயின் இடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சரி என்றேன்.