அப்பா நிறுத்துக் கொடுத்த நாய்க்குட்டிகள்

விளாங்குடியில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கித் தராசு தொங்குகிறது. பழைய பேப்பர் எடுக்க வருகிறவர்கள் கையில் வைத்திருப்பார்களே, மேலே வளையம், கீழே கொக்கி, நடுவில் முள் வைத்த வட்டத் தகடு, அந்த வகை. கொக்கியில் ஒன்றும் மாட்டாதபோதும் முள் பூஜ்யத்துக்கு வராது. கால் கிலோவில் நிற்கும். தராசு அப்பாவுடையது, அவருக்கு இது தெரிந்தே இருந்தது. எதை நிறுத்தாலும் கடைசியில் கால் கிலோவைக் கழித்துச் சொல்வார். இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாமே என்றால், "தப்பு எம்புட்டுன்னு தெரிஞ்சா அது நல்ல தராசுதான்" என்பார்.

அப்பா சமயநல்லூர்ப் பக்கம் ஒரு ரேஷன் கடையில் அரிசி, சீனி நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர். கடையில் கை வைக்காத மனிதர் என்று பேர் எடுத்தவர். அந்தப் பேரை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் என்பதுதான் எங்கள் தொல்லை. அண்ணன், நான், தம்பி என்று நாங்கள் மூன்று பேர். தீபாவளி வெடியைக்கூட நிறுத்துத்தான் பங்கு வைப்பார். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தையும் ஒரே நாளில், ஒரே மாதிரிக் கவர்களில், ஒரே தொகையாகத் தந்தார். அப்போது தம்பி கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்திருந்தால் நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். அப்பாவுக்கு அது தோன்றவில்லை. வந்த பங்கை வேண்டாம் என்று சொல்லும் வழக்கமும் எங்கள் வீட்டில் கிடையாது. சொன்னால் அப்பா இரண்டு நாள் சாப்பிட மாட்டார்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சமயத்தில் சமயநல்லூரில் அப்பா வீட்டு நாய் குட்டி போட்டது. போய்ப் பார்த்தேன். நெற்றியில் வெள்ளைப் புள்ளியோடு ஒன்று என் காலையே சுற்றி வந்தது. எங்கள் வீட்டில் சுற்றுச்சுவரும் வேப்பமரமும் உண்டு, பகல் முழுக்க நானும் வீட்டில்தான் இருப்பேன். "இத நான் எடுத்துக்கிறேம்ப்பா" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. அப்பா முகம் மாறிவிட்டது. "ஏத்தா, ஒனக்கு மட்டும் குடுத்துட்டு மத்த ரெண்டு பேரு மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?" என்றார். இருந்தது சரியாக மூன்று குட்டி. அது வேறு அவருக்கு வசதியாகப் போய்விட்டது.

பிறகு நடந்ததை இன்று சொன்னாலும் என் பிள்ளைகள் நம்புவதில்லை. அப்பா மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாக மஞ்சப்பையில் போட்டுத் தராசில் தூக்கினார். ஒன்று மட்டும் எடை குறைவாக இருந்தது. அதற்குத் தனியாகப் பால் வைத்து, மற்ற இரண்டும் கிட்டே வராமல் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, மூன்றும் ஒரே எடைக்கு வரும்வரை பத்துப் பன்னிரண்டு நாள் எங்களைக் காக்கவைத்தார். "இது என்ன துவரம்பருப்பா, நிறுத்துக் குடுக்குறதுக்கு?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பெயரிலும் ஒசத்தி தாழ்த்தி இருக்கக் கூடாது என்று மூன்றுக்கும் மணி என்றே பேர் வைத்தார். ஒருவருக்கு ஒருநாள் முந்திக் கிடைத்துவிடக் கூடாதே என்று ஒரே நாளில் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய் இறக்கினார். தம்பி அப்பா தெருவிலேயே இருந்தான். அடுத்து நான். கடைசியாகக் கோச்சடையில் அண்ணன்.

அண்ணன் இருந்தது மூன்றாவது மாடியில், இரண்டே அறை. அவரும் மதினியும் வேலைக்குப் போகிறவர்கள், மகள் பள்ளிக்கூடம் போகிற சின்னப் பிள்ளை. காலை ஒன்பது மணிக்குப் பூட்டினால் வீடு திறக்க இரவு ஏழாகும். குட்டியைக் கையில் வாங்கியபோது அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அப்பா பெருமையாகச் சொன்னார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். என் குட்டி என் மடியில் கிடந்த சந்தோஷத்தில் எனக்கு வேறு எதுவும் ஏறவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு பகலில் கோச்சடைப் பக்கம் போனவள், அண்ணன் வீடு பூட்டியிருக்கும் என்பதை மறந்து மாடியேறிவிட்டேன். இரண்டாவது மாடியிலேயே சத்தம் கேட்டது. குரைப்பு இல்லை. குரைத்து ஓய்ந்துபோன பிறகு வருகிற ஒரு முனகல். பக்கத்து வீட்டு அம்மா கதவைத் திறந்து, "நீங்க அவுக தங்கச்சியா? காலைல இருந்து இப்படித்தாம்மா. பாவம், அவுகளும்தான் என்ன செய்வாக" என்றார். அந்த அம்மா வீட்டு பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தேன். கோச்சடை மணி கம்பிக்குப் பின்னால் போவதும் திரும்புவதுமாக இருந்தது. என்னைப் பார்த்து வாலைக்கூட ஆட்டவில்லை. எனக்கு அண்ணன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அங்கேயே நின்று போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "நீ கேட்ட. எனக்கும் சேத்து வந்துச்சு" என்றார்.

நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றதற்கு அண்ணன் அப்பாவிடம் கேட்கச் சொன்னார். அப்பா ஒரேயடியாக மறுத்தார். "ஒனக்கு ரெண்டு, அவனுக்கு ஒண்ணுமில்லயா? நான் உசுரோட இருக்கையில அது நடக்காது." எனக்கும் அவர் ரத்தம்தானே. "அப்ப ஞாயித்துக்கெழம மூணையும் கொண்டாறோம். தராச எடுத்து வைங்க. யாரு பங்கு எப்படி இருக்குன்னு நீங்களே நிறுத்துப் பாருங்க" என்றேன். கோச்சடை மணி இளைத்திருக்கும், எடை குறைந்திருக்கும், அப்பா வாயடைத்துப் போவார் என்பது என் கணக்கு.

ஞாயிறு காலை அப்பா வீட்டுப் பின்கட்டில் எல்லோரும் கூடினோம். வளர்ந்த நாய்களை அரிசிச் சாக்கில் இறக்கி, தம்பியும் அண்ணனும் தராசைக் கம்பில் மாட்டித் தோளில் தூக்க, அப்பா முள்ளைக் குனிந்து பார்த்தார். தம்பியுடையதும் என்னுடையதும் ஏறக்குறைய ஒன்று. கோச்சடை மணி இரண்டையும்விட மூன்று கிலோ கூட இருந்தது. பூட்டிவிட்டுப் போகிற குற்ற உணர்ச்சியில் அண்ணனும் மதினியும் பிஸ்கட்டும் பால்சோறுமாகக் கொட்டியிருக்கிறார்கள். அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்து, "பாத்தியா, மூணு பேருல அவந்தான் நல்லா வளத்துருக்கான்" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

சாக்கிலிருந்து அவிழ்த்துவிட்டதும் மற்ற இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வாழைக்குள் ஓடிவிட்டன. கோச்சடை மணி ஓடவில்லை. முன்னால் நாலடி நடந்தது, நின்றது, திரும்பியது. நாலடி நடந்தது, மறுபடி நின்று திரும்பியது. அந்தப் பக்கம் சுவர் இல்லை, கம்பி இல்லை, வேலிவரை வெறும் மண்தான். தம்பி விசில் அடித்துக் கூப்பிட்டான். அது காதை மட்டும் தூக்கிவிட்டுத் திரும்பவும் நாலடி நடந்தது. அப்பா தராசைக் கையில் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

தராசைக் கீழே வைத்துவிட்டு அண்ணனிடம் கேட்டார். "ஒனக்கு என்னடா வேணும்?"

நாற்பது வயதை நெருங்கிய அண்ணன் மதினியைத் திரும்பிப் பார்த்தார். அப்பா எங்களில் யாரிடமும் இப்படிக் கேட்டதே இல்லை. மதினிதான் அவர் முழங்கையை இடித்தார். "பாப்பா மூணரைக்கு ஸ்கூல் விட்டு வந்து பக்கத்து வீட்டுல ஒக்காந்திருக்குப்பா. நாங்க வர்ற வரைக்கும் யாராச்சும் கூட இருந்தாப் போதும்" என்றார் அண்ணன். அப்பா கோச்சடை மணியைத் தன் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார். மறுநாள் மதியம் சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிக் கோச்சடை போனார். அண்ணன் மகள் எட்டாவது முடிக்கும்வரை பள்ளிக்கூட நாள் ஒன்றையும் அவர் விடவில்லை. மணியும் மெதுவாகத் தேறியது. நாலடி பத்தடியாகி, ஒரு மழைக்காலம் முடியும்போது வேலிவரை ஓடியது.

இப்படிச் சொன்னால் நான் நல்லவள் போலத் தெரியும். உண்மையில் அந்த வருடங்களில் எனக்கு வயிறு எரிந்தது. என் பிள்ளைகளும் அப்போது சின்னப் பிள்ளைகள்தான். பஸ் விளாங்குடியைத் தாண்டித்தான் போகும். வாரத்தில் ஒருநாள்கூட அவர் இறங்கியதில்லை. பொறுக்க முடியாமல் ஒருநாள் அம்மாவிடம் புலம்பினேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "நீ கேட்டது நாயி. கெடச்சுருச்சுல்ல" என்றார். கோபத்தில் அந்த மாதம் நான் சமயநல்லூர்ப் பக்கமே போகவில்லை. இன்று அந்தக் கோபம் இல்லை. எனக்கு வேண்டியதை நான் வாய் திறந்து கேட்டேன், அண்ணனுக்கு அதுவும் அன்றுவரை வாய்க்கவில்லை என்பது புரிகிறது. அப்பா போய் நான்கு வருடமாகிறது. தராசை யாரும் கேட்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த வருடம், மணிக்குப் பிறகு நாங்கள் வளர்க்கிற நாய் குட்டி போட்டது. கல்யாணமாகி சமயநல்லூரில் இருக்கும் என் மகள் வந்து ஒன்றைத் தூக்கி வைத்துக்கொண்டு தன்னுடையது என்றாள். சரி என்று சொல்ல வாயெடுத்த நான், சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தபடி கதவுக்குப் பின்னால் கை நீட்டியிருந்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தராசை விட்டுவிட்டு மகனுக்குப் போன் போட்டேன்.

"அக்கா ஒரு குட்டி எடுத்துக்கிறாடா. ஒனக்கு என்ன வேணும்?"

"நாய் மட்டும் வேணாம்மா" என்று சிரித்தான். பிறகு, "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? நீ போன் பண்ணுனா அக்கா கதையேதாம்மா ஓடுது. நான் சாப்பிட்டேனான்னு கேப்ப, அதோட சரி" என்றான்.

இல்லவே இல்லை என்று சொல்ல வாய் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன், கதவுக்குப் பின்னால் தராசு ஒன்றும் மாட்டாமல் தொங்கியது. முள் கால் கிலோவில் நின்றது. இருபத்தைந்து வருடமாக நான் கழிக்காமல் விட்டது என்னவென்று அவன் ஒரே பேச்சில் சொல்லிவிட்டான்.

அடுத்த ஞாயிறு அவனிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். அவன் மேனேஜர், அறையில் உடனிருக்கும் பையனின் குறட்டை, வாங்கப்போகிற செகண்ட் ஹேண்ட் பைக், எல்லாம் கேட்டேன். அக்கா பேச்சை நான் எடுக்கவில்லை. வைக்கப்போகும் நேரத்தில் அவனேதான், "அக்காவோட குட்டி எம்புட்டு வளந்துருக்கு?" என்றான். அவளிடமே கேட்டுக்கொள்ளச் சொன்னேன். நான் அதை நிறுத்துப் பார்க்கவில்லை.