கசியாத மூடி

மாசி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. நாளும் கிழமையும் என் நினைவில் தங்கிவிடும். அதற்காக வீட்டில் கேலிக்கும் ஆளாகியிருக்கிறேன். அன்று முதல் ஷிப்ட் முடிந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர், சட்டையைக்கூட மாற்றாமல், எங்கள் இரண்டு குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் இருக்கும் குட்டைச் சுவரின்மேல் ஒரு கறுப்பு வளையத்தை வைத்தார்.

"சார், இது இன்னான்னு சொல்லுங்க பாக்கலாம்."

பார்த்ததும் தெரிந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் கழித்துப் போட்ட பழைய கன்வேயர் பெல்ட்டின் ரப்பர். இந்த ஊரில் அது இல்லாத வீடு கிடையாது. கால்மிதியாக, மாட்டுத்தொழுவத்தில் விரிப்பாக, கோழிக்கூட்டின் கூரையாக எங்கும் கிடக்கும். அவர் அதன் மேல்தோலை மட்டும் சீவி, பாட்டில் மூடிக்குள் உட்காரும்படி வட்டமாக வெட்டியிருந்தார். கடையில் விற்பதைவிட விளிம்பு சுத்தமாக இருந்தது.

அவர் சுரங்கத்தில் ஃபிட்டர். நிலத்தடி நீரை இரவும் பகலும் வெளியே இறைக்கும் பம்புகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்தப் பம்புகள் நின்றால் சுரங்கம் குளமாகிவிடும். ஆகவே இத்தனை வருட சர்வீஸில் அவருக்கு ஒரே எதிரிதான். "லீக்குதான் சார். லீக்கு மட்டும் இல்லன்னா எந்த மெஷினும் நம்மளவிட ரொம்ப நாளு இருக்கும்" என்பார்.

அந்த வருடம் அவர் கொல்லையில் கொத்தவரங்காயும் தக்காளியும் தாங்க முடியாமல் காய்த்திருந்தன. கொடுத்துக் கொடுத்து, வாங்க ஆள் இல்லை. முந்திய வருடம் மொட்டை மாடியில் போட்ட வற்றல் முழுதும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தூசி படிந்து, வறுத்தால் பல்லில் நறநறவென்றது. அதனால் இந்தத் தடவை பாட்டிலில் அடைப்பது என்று செல்போனில் வீடியோ பார்த்து முடிவு செய்திருந்தார். அதில் வெள்ளைக்காரி ஒருத்தி மீட்டர் வைத்த பெரிய பிரஷர் பாத்திரத்தில் பாட்டில்களை வேகவைத்தாள். அவர் அந்த இடத்தைத் தள்ளிவிட்டார். மூடி இறுகினால் போதும், மற்றதெல்லாம் வியாபாரம் என்பது அவர் கட்சி.

மறுநாள் சனிக்கிழமை கொல்லையில் அடுப்பு மூட்டினோம். நானும் என் மனைவியும் சுவரைச் சுற்றிக்கொண்டு போனோம். அவர் மனைவி கம்மாபுரம் பக்கத்துப் பெண். ஊறுகாய் பாட்டில்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கொதிநீரில் போட்டு எடுத்தாள். தக்காளியை வெந்நீரில் முக்கித் தோலுரித்து, பாட்டிலுக்கு ஒரு கரண்டி எலுமிச்சம் சாறு விட்டு நிரப்பினோம். கொத்தவரங்காயைக் கிள்ளி, உப்புத் தண்ணீரில் அரைவேக்காடாக எடுத்து, கழுத்தில் விரலளவு இடம் விட்டு அடைத்தோம். அண்டாவின் அடியில் பழைய துணி விரித்து, பாட்டில்களை நிற்கவைத்து, முழுவதும் மூழ்கத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிட்டோம். ஆறினதும் ஒவ்வொரு மூடியும் நடுவில் 'டிக்' என்று குழிந்தது. ஒவ்வொரு 'டிக்'குக்கும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"தலைகீழா கவுத்துப் பாருங்க சார். ஒரு சொட்டு வருதான்னு பாருங்க."

வரவில்லை. காயின் பேரும் மாதமும் எழுதி ஒட்டும் வேலை எனக்கு.

"தக்காளி உங்களுக்கு. கொத்தவரங்கா எனக்கு. ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்று மனைவியிடம் சொன்னார். தக்காளியை அவர் வாயில் வைக்கமாட்டார்.

"ஆமா, இந்தக் கசப்புக் காய்க்கு அடிச்சிகினு நிக்கறாங்க" என்றாள் அவள்.

சித்திரைக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. குழாயை யாரும் மூடவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது கொல்லை முழுதும் தண்ணீர் நின்றது.

அதன்பிறகு அந்தச் செடிகளுக்கு யாரும் தண்ணீர் விடவில்லை. துக்க வீட்டில் அது யாருக்கும் தோன்றவில்லை. சுவருக்கு இந்தப்பக்கம் இருந்த எனக்கும் தோன்றவில்லை. வைகாசி வெயிலில் எல்லாம் காய்ந்து குச்சியாகிவிட்டது.

காரியத்துக்கு முந்தின நாள் அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னாள்: "அக்கா, நாளைக்குப் படையல்ல அந்தக் கொத்தவரங்கா பாட்டில தொறக்கப் போறன். அவரு கையால மூடுனது. இந்த வூட்டயும் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. செடியும் போயிடுச்சி. வேற இன்னா இருக்குது எங்கிட்ட?"

பாட்டில்களை எடுத்துவர நானும் கூடப் போனேன். பரண்மேல் வரிசையாக இருந்தன. தக்காளி மூடிகள் குழிந்தபடியே இருந்தன. கொத்தவரங்காய் மூடிகள் எல்லாம் நடுவில் மேடாக உப்பியிருந்தன. எடுத்த கையை இறக்கிக்கொண்டு, காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

அன்று மாலை டவுன்ஷிப் நூலகத்தில் உணவுப் பதப்படுத்தல் பற்றி இருந்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்புள்ளவற்றுக்குக் கொதிநீர் போதும். புளிப்பில்லாத காய்க்குப் போதாது. மண்ணிலிருந்து வரும் ஒரு கிருமியின் வித்து அந்தச் சூட்டில் சாகாது. காற்று புகாத இடம் கிடைத்தால்தான் அது வளரும். மூடி எவ்வளவு நன்றாக இறுகுகிறதோ அவ்வளவுக்கு அதற்கு வசதி. அதன் விஷம் கண்ணுக்குத் தெரியாது, சில சமயம் நாற்றமும் இருக்காது; நாக்கில் பட்டாலே ஆபத்து. முதல் தடவை செய்கிறவர்கள் இப்படிப்பட்ட காயைப் பாட்டிலில் அடைக்காமல், உலர்த்தியோ வினிகரில் ஊறுகாய் போட்டோ வைப்பது நல்லது என்று எழுதியிருந்தது.

நான் திரும்புவதற்குள் அவர்கள் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள்; காலையில் போய்ச் சொன்னேன். அதற்குள் இறந்தவரின் அண்ணன் ஒரு பாட்டிலைத் திறந்துவிட்டிருந்தார். துணி துவைக்கும் கல்லின்மேல் 'புஸ்' என்று நுரை வழிந்துகொண்டிருந்தது.

"சோடா மாரி வருது பாரு" என்று சிரித்தார்.

"தொடாதீங்க. அது விஷம்."

"ஆபீஸ்ல கணக்கு எழுதறவருக்குக் கொத்தவரங்கா கணக்குமா தெரியும்? எங்க தம்பி போட்டத தின்னா நாங்க செத்துடுவமா?"

அவள் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனாள். "வாசன நல்லாத்தான் இருக்குதுண்ணா."

"நல்லாத்தான்மா இருக்கும். அதான் பயம்."

"மூடி ஒழுங்கா மூடலன்னு சொல்றீங்களா?" குரல் உயர்ந்தது. "அவரு மூடுனது லீக்காவும்னா சொல்றீங்க?"

"இல்லம்மா. லீக்காகல. உள்ளேயே உண்டாயிருக்கு."

அவள் திறக்காத இன்னொரு பாட்டிலை எடுத்து, உப்பிய மூடியைப் பெருவிரலால் அழுத்தினாள். அது இறங்கவில்லை. திரும்ப அழுத்தினாள்.

"பம்பு ஓடாதப்ப பிரஷர் மீட்டர் முள்ளு ஏறுச்சின்னா பக்கத்துல போவாதன்னு அவரே சொல்லுவாரு" என்றாள், யாரிடம் என்றில்லாமல். பிறகு கணவரின் அண்ணனிடம், "மாமா, கைய சோப்பு போட்டுக் கழுவுங்க. வாயில வெக்காதீங்க" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வித்து சாகாவிட்டாலும் விஷம் கொதியில் அழியும் என்று அந்தப் புத்தகத்தில் இருந்ததால், திறந்த பாட்டிலைக் காயோடு, வளையத்தோடு அதே அண்டாவில் போட்டு அரைமணி நேரம் கொதிக்கவைத்தோம். கல்லில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, வெகுநேரம் ஊறவிட்டு, என் மனைவி தேய்த்துக் கழுவினாள். வெந்த காயின் வாசனை வீடு முழுதும் பரவியது. திருச்சியிலிருந்து வந்த ஒரு கிழவர், "பொரியல் ஆயிடுச்சா?" என்று கேட்டார். நான் எழுதி ஒட்டிய தாள் தண்ணீரில் கழன்று, மை கரைந்து மிதந்தது.

"தக்காளி நல்லா இருக்கு. அத வேணா ரசத்துல..." என்றாள் என் மனைவி.

"அது எங்களுக்குப் போட்டதுக்கா. அவருக்கு ஆவாது."

கடைசியில் நான் சைக்கிளில் பக்கத்து ஊரான வடக்குத்துக்குப் போய்க் கடையில் கொத்தவரங்காய் வாங்கிவந்தேன். முற்றின காய்தான் கிடைத்தது. படையலில் அதைத்தான் வைத்தாள். வைத்துவிட்டு இலையைப் பார்க்காமல் எழுந்துபோனாள்.

சாப்பாடு முடிந்து சொந்தங்கள் கிளம்பியபின், வேகவைத்த பாட்டிலையும் திறக்காத பாட்டில்களையும் பாலித்தீன் பையில் இரண்டு சுற்றாகக் கட்டி, செடிகள் காய்ந்து நின்ற பாத்தியிலேயே ஆழமாகக் குழி வெட்டினேன். தண்ணீர் காணாத மண் கல்லாக இருந்தது. அவள் பையை என்னிடம் கொடுக்காமல் தானே இறங்கி, பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதாதபடி வைத்தாள். மண்ணைத் தள்ளி, இருவரும் மிதித்தோம்.

"கசியாதில்லண்ணா?" என்று கேட்டாள்.

"கசியாதும்மா."

"அவரு மூடுனது" என்றாள். இன்னொரு தடவை மிதித்துவிட்டு, கைகழுவக் குழாயடிக்குப் போனாள்.