இரண்டு சதுர மீட்டர் செர்ரிப்பழம்

யாழ்ப்பாணத்துச் சில்லாலை ஜேசுரட்ணத்தின் இளைய மகள் கொறற்றிக்கு 1987 சித்திரை மாதத்தில் ஐந்து வயதும் ஆறு வயதும் ஒன்றாக நடந்துகொண்டிருந்தன. இதில் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை. அவள் பாட்டுக்குக் கொழும்பில், தாய் ஜெயமலரோடும் தமக்கை பற்றிமாவோடும், சொந்தக்காரர் வீட்டு முன்னறையில் ஒரு பாயில் படுத்தெழும்பிக்கொண்டிருந்தாள். குற்றம் முழுவதும் தகப்பனுடையது. அவரோ ஜேர்மனியில் இருந்தார்.

நடந்தது இதுதான். கொறற்றி பிறந்தது 1981 புரட்டாதி ஒன்பது. தை மாதத்துக்குள் ஐந்து வயது நிரம்பாத பிள்ளையை இலங்கையில் முதலாம் வகுப்பில் எடுக்கமாட்டார்கள்; ஒரு வருடம் வீட்டில் இருக்க வேண்டும். ஜேசுரட்ணம் அப்போது ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர்; மனேச்சரின் மகள் ஒரு வருடம் பிந்துவதா? பிறப்புப் பதிவுகாரர் ஜெயமலருக்கு ஒன்றுவிட்ட தமையன். ஒரு பின்னேரம் அவரும் ஜேசுரட்ணமும் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பிள்ளையின் பிறந்த நாள் எட்டு மாதம் முன்னுக்குப் போய், தை இருபது என்று பதிவாகிவிட்டது. கணக்குப் பார்த்தால், ஜெயமலருக்கு மசக்கைச் சத்தி தொடங்கிய கிழமையிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. கடதாசி அதையெல்லாம் கேட்காது. கோயிலில் மட்டும் சுவாமியார் பயந்த மனிதர். ஞானஸ்நானப் புத்தகத்தில் புரட்டாதி ஒன்பது என்றே எழுதிவைத்தார்.

அந்த எட்டு மாதமும் ஆறு வருடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, ஹாசன்ரோட என்ற கிராமத்தில் வந்து பேசத் தொடங்கியது.

ஹாசன்ரோடவுக்குப் பீலெஃபெல்டிலிருந்து ரயிலில் ஒன்றரை மணித்தியாலம், பிறகு பஸ்ஸில் நாற்பது நிமிடம். பஸ் ஒரு நாளைக்கு இரண்டு. 1984இல் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி மேற்குப் பக்கம் நடந்து வந்த ஜேசுரட்ணத்தை, அரசாங்கம் பல மேசைகளில் உருட்டிக் கடைசியில் அங்கே கொண்டுபோய் இறக்கியது. குடிக்க ஆளில்லாமல் மூடிப்போன ‘மான்’ விடுதியில் இருபத்திரண்டு தமிழ் ஆண்கள், இரண்டு கக்கூஸ். சுவரில் மாட்டியிருந்த மான் தலைகளுக்குத்தான் அங்கே தலைக்கொரு இடம் இருந்தது.

“மூன்று மாடி வீட்டில் வசதியாக இருக்கிறேன்” என்று ஜேசுரட்ணம் மனைவிக்கு எழுதினார். அதில் பொய் இல்லை. மாடி மூன்றுதான்.

கிராமத்தில் வீடு இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. இளசுகள் எல்லாம் ஹனோவருக்கும் ஹம்பேர்க்குக்கும் போய்விட்டன. ஐந்தாறு அறை உள்ள வீட்டில் ஒரு விதவை இருப்பார். மற்ற அறைகளும் சும்மா கிடப்பதில்லை. ஒன்று, நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் வரும் மகனுக்கு. ஒன்று, 1979இல் ஒருமுறை வந்து தங்கிய உல்லாசப் பயணிக்கு, அவர் திரும்பி வந்தால். இன்னொன்றில் மாரிகாலத் திரைச்சீலைகள் குடியிருக்கும். ஆகவே அறை கேட்டு வருகிறவரிடம் “இடமில்லை” என்று சொல்லும்போது ஹாசன்ரோட மக்கள் முகத்தில் ஒரு களங்கமும் இருக்காது. உண்மையாகவே இடமில்லை.

அப்படியிருக்க, 1986 கடைசியில் மேயர் பிராண்டஸுக்குக் கல்வித் திணைக்களத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கிராமப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டுப் பிள்ளைகள்; அடுத்த ஆவணிக்குள் இருபது ஆகாவிட்டால் மூடுவோம். பிள்ளை வேண்டுமென்றால் குடும்பம் வேண்டும். குடும்பம் வேண்டுமென்றால் கட்டுப்படியாகும் வாடகையில் வீடு வேண்டும். இதைக் கண்டுபிடிக்க மேயருக்கு இரண்டு கூட்டமும் ஒரு குழுவும் தேவைப்பட்டன. குழு, யாருக்கு எப்படிப்பட்ட வீடு தேவை என்று கேட்டு, தபால்பெட்டிக்கு ஒன்றாகப் படிவம் போட்டது.

மான் விடுதிக்குத் தபால்பெட்டி ஒன்று. படிவமும் ஒன்று. ஜேர்மன் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் என்ற முறையில் ஜேசுரட்ணம்தான் நிரப்பினார். வீட்டில் உள்ளோர் தொகை: இருபத்திரண்டு. தற்போதைய வீட்டைப் பற்றிய கருத்து: மிகவும் திருப்தி, நன்றி.

அடுத்த கட்டிலுக்குரிய செல்வராசா எட்டிப் பார்த்தான். “என்ன அண்ணை எழுதியிருக்கிறியள்? விடிய எழும்பிக் கக்கூசுக்கு நாங்கள் லைனிலை நிக்கிறது திருப்தியோ?”

“வெளி ஆக்களுக்கு எங்கட குறையைச் சொல்லி என்ன? மரியாதை இல்லையே?”

“மரியாதை லைனிலை நிக்காது அண்ணை. நான்தான் நிக்கிறன்.”

தீயணைப்புப் படை மண்டபத்தில் முடிவு வாசிக்கப்பட்டது. ஹாசன்ரோடவில் வீட்டுத் தேவை எதுவும் இல்லை. குறிப்பாக, இருபத்திரண்டு பேர் கொண்ட பெரிய குடும்பமொன்று மிகவும் திருப்தியுடன் வாழ்கிறது. எல்லோரும் கைதட்டினார்கள். பிள்ளைகள் மட்டும் பதினெட்டாகவே இருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் ஜேசுரட்ணத்தை அகதியென்று ஏற்றுக்கொண்ட கடிதம் வந்தது. மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம். அதற்கு வீடு காட்ட வேண்டும். வெளிநாட்டவர் அலுவல் பார்க்கும் கந்தோரில் சொன்ன கணக்கு: ஆறு வயது முடிந்த ஆளுக்குப் பன்னிரண்டு சதுர மீட்டர், முடியாத ஆளுக்குப் பத்து. ஒரு மீட்டர் குறைந்தாலும் கடதாசி நகராது.

மூன்று மாதம் அவர் கதவு தட்டினார். எல்லாக் கதவும் மரியாதையாகத் திறந்து, மரியாதையாக மூடின. கடைசியில் மேயரிடம் போய், தனக்குப் பள்ளிக்கூட வயதில் இரண்டு பெண்பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னார்.

மேயர் கதிரையை விட்டு எழும்பினார். பதினெட்டும் இரண்டும் எத்தனை என்பது அவருக்கு மனப்பாடம்.

“உட்காருங்கள், ஹெர் ஜேசுரட்ணம்” என்றார். இரண்டரை வருடத்தில் அந்தக் கிராமத்தில் ஒருவர் அவருக்குக் கதிரை காட்டியது அதுதான் முதல் தடவை.

அதே கிழமை, மேயர் வீட்டுக்கு எதிர்வீட்டு விதவை கோஸ்டர் அம்மாவின் மேல்மாடி காலியாக இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. பதினொரு வருடமாகக் காலியாகத்தான் இருந்தது. இப்போதுதான் கண்டுபிடித்தார்கள்.

அளக்க ஒரு பெடியன் போன்ற உத்தியோகத்தர் நாடாவுடன் வந்தார். மேல்மாடி கூரைக்குக் கீழே சரிந்து வந்தது. சட்டப்படி, சரிவில் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கீழே இருப்பது நிலமே இல்லை. இரண்டு மீட்டருக்குக் கீழே இருப்பது பாதி நிலம். ஜேசுரட்ணம் ஐந்தடி மூன்றங்குலம். பாதி நிலத்தில் போய் நிமிர்ந்து நின்று, தலைக்கு மேலே கையும் வைத்துக் காட்டினார்.

“நீங்கள் முழுதாக நிற்கலாம்” என்றார் உத்தியோகத்தர். “நிலம் பாதிதான்.”

மொத்தம் நாற்பத்தாறரை சதுர மீட்டர். மூன்று பேருக்குப் பன்னிரண்டு, கொறற்றிக்குப் பத்து என்றால் நாற்பத்தாறு, சரி. ஆனால் பிறப்புச் சான்றிதழ்ப்படி கொறற்றிக்குத் தை மாதத்தோடு ஆறு முடிந்துவிட்டது. நாற்பத்தெட்டு வேண்டும். சங்கக்கடை மனேச்சர் அன்று தேத்தண்ணீரோடு வாங்கிய எட்டு மாதம், இன்று ஒன்றரை மீட்டர் கடனாக வந்து நின்றது.

பிறகுதான் அவருக்குச் சுவாமியாரின் புத்தகம் ஞாபகம் வந்தது. ஜெயமலருக்கு எழுதினார். ஞானஸ்நானப் பத்திரத்தை அனுப்பு, வீட்டுக்குக் கொஞ்ச இடம் குறைகிறது. பத்திரம் வந்தது, கூடவே ஒரு வரியும்: “மூண்டு மாடி வீட்டிலை இருக்கிற மனிசனுக்கு ஒண்டரை மீட்டர் இல்லையோ? அங்கை வேறை ஆரும் இருக்கினமோ?” இருந்தார்கள். இருபத்தொரு பேர்.

இப்போது அவருடைய கோட்டின் இடது பையில் ஆறு வயதுக் கொறற்றியும், வலது பையில் ஐந்து வயதுக் கொறற்றியும் இருந்தார்கள்.

“உங்கட மகளுக்கு இப்ப என்ன வயசண்ணை?” என்று செல்வராசா தினமும் கேட்டான்.

“எந்தக் கந்தோரிலை கேக்கிறாங்கள் எண்டதைப் பொறுத்தது.”

“ரெண்டு கடதாசியையும் ஒரே மேசையிலை வைச்சிராதேங்கோ. பிறகு பிள்ளையும் பொய், பெண்சாதியும் பொய், நீங்களும் பொய் எண்டு எழுதிப்போட்டுப் பிளேன் ஏத்தி விடுவாங்கள்.”

ஜேசுரட்ணத்துக்கும் அந்தப் பயம்தான். ஆறு வயதுக்காரி ஏற்கெனவே அரசாங்கத்தின் கோப்பில் இருந்தாள். ஐந்து வயதுக்காரியைக் கொண்டுபோனால் அரசாங்கம் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும். ஆனால் வாய் பொத்தி இருந்தால் வீடு இல்லை; வீடு இல்லாவிட்டால் மூன்று பேரும் இன்னும் எத்தனை வருடமோ அந்த ஒரு பாயில். கொறற்றி மூன்று வயதில் பார்த்த தகப்பனைப் படத்தில் காட்டித்தான் தாய் பழக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு பையையும் தடவிப் பார்த்துவிட்டு, அவர் மேயரிடம் போனார். வலது பையைத் திறந்தார்.

மேயர் பத்திரத்தைப் படித்தார். திரும்பவும் படித்தார். ஐந்து வயதுப் பிள்ளையை ஆவணியில் பள்ளிக்கூடத்தில் எடுக்க முடியாது. பதினெட்டும் ஒன்றும் பத்தொன்பது.

“ஆனால் உங்கள் மகளுக்கு ஆறு!” என்றார். “கோப்பில் ஆறு!”

“நான் கத்தோலிக்கன், ஹெர் மேயர்” என்றார் ஜேசுரட்ணம், கற்றுக்கொண்ட ஜேர்மன் மொழியில் மெதுவாக. “கந்தோரில் கேட்டால் உண்மை சொல்ல வேண்டும். உண்மை ஐந்து.”

“சொல்லியே ஆக வேண்டுமா?”

“சொல்லாமல் இருக்கலாம். அதற்கு இன்னும் ஒன்றரை, இரண்டு சதுர மீட்டர் வேண்டும்.”

இதைச் சொன்னபோது அவருடைய முகம் கோயிலில் முதல் நன்மை வாங்கப் போகும் பிள்ளையின் முகம் போலிருந்தது. சில்லாலைச் சங்கக்கடையில் சீனி மூட்டையை எண்ண வந்த பரிசோதகர்கள் எல்லோருக்கும் அந்த முகம் தெரியும். மேயருக்குத் தெரியாது. பத்திரத்தை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினார்.

கோஸ்டர் அம்மாவின் மேல்மாடிப் படி ஏறியவுடன் பூட்டிய அறை ஒன்று இருந்தது. மூன்று சதுர மீட்டர், சரிவில்லாத முழு நிலம். உள்ளே தட்டுத்தட்டாகச் செர்ரிப்பழம். கணவர் இறந்த வருடத்திலிருந்து, தோட்டத்து மரம் காய்த்ததையெல்லாம் அவித்த பழமாகப் போத்தலில் அடைத்து, மேலே வருடம் எழுதி அடுக்கியிருந்தார். 1971 முதல் 1986 வரை, இருநூற்றுப் பதினொரு போத்தல். அவற்றில் ஒன்றையும் அவர் தின்றதில்லை.

“நிலவறையில் வையுங்களேன்” என்றார் மேயர்.

“நிலவறையில் என் ஹைன்ரிஹின் தேனீப் பெட்டிகள் இருக்கின்றன.”

“ஹைன்ரிஹ் இறந்து பதினாறு வருடம்! தேனீக்கள் எங்கே?”

“போய்விட்டன” என்றார் கோஸ்டர் அம்மா. “பெட்டிகள் இருக்கின்றன. என் செர்ரி தெருவில் நிற்க முடியாது, பிராண்டஸ். அதற்கும் ஓர் இடம் வேண்டாமா?”

மேயர் ஜன்னலால் எதிரே தன் வீட்டைப் பார்த்தார். பிறகு தன் வீட்டு நிலவறையைக் கொடுத்தார். வாடகை இல்லை, ஒப்பந்தம் இல்லை, வயதும் கேட்கவில்லை. இருபத்திரண்டு பேருக்கு இரண்டரை வருடம் தேடியும் கிடைக்காத இடம், இருநூற்றுப் பதினொரு போத்தலுக்கு இருபது நிமிடத்தில் கிடைத்தது.

தூக்குவதற்கு மான் விடுதியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மேல்மாடியிலிருந்து தெருவைக் கடந்து மேயர் வீடுவரை வரிசையாக நின்று கைமாற்றினார்கள். கோஸ்டர் அம்மா வாசலில் நின்று வருடத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். “எழுபத்துநாலு! கவனம்! அது நல்ல வருடம்!”

செல்வராசா எழுபத்துநாலை நெஞ்சோடு அணைத்தபடி ஜேசுரட்ணத்தைப் பார்த்தான். “எங்களைக் கொண்டந்து இஞ்சை இறக்கேக்கை ஒருத்தரும் இப்பிடிக் கவனம் எண்டு சொல்லேல்லை, என்ன அண்ணை?”

“பேசாமல் குடு. போட்டுடைச்சியெண்டால் என்ரை பெண்சாதி வரமாட்டாள்.”

போத்தல் ஒன்றும் உடையவில்லை. உத்தியோகத்தர் திரும்பி வந்து அளந்தார். நாற்பத்தொன்பதரை. மேயர் தானே தொலைபேசியில் நாலைந்து பேரைப் பிடித்தார்; ஊர்ந்துகொண்டிருந்த கடதாசிகளுக்குக் கால் முளைத்தது. வலது பைப் பத்திரத்தை ஜேசுரட்ணம் செபப் புத்தகத்துக்குள் வைத்து மூடினார். கிழிக்கவில்லை. என்றைக்காவது ஒரு கந்தோரில் ஐந்து தேவைப்படலாம்.

ஆவணி இரண்டாம் கிழமை, பின்னேரப் பஸ்ஸில் ஜெயமலரும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். தரிப்பிடத்தில் மேயர் பூங்கொத்தோடு நின்றார். ஆசிரியை நின்றார். பக்கத்துப் பட்டணத்துப் பத்திரிகைக்காரர் கமெராவோடு நின்றார். ஜேசுரட்ணம் எல்லோருக்கும் பின்னால், கடன் வாங்கிய கோட்டோடு நின்றார்; அவர்கள் கிட்ட வந்தபோது என்ன சொல்வதென்று தெரியாமல், “பயணம் எப்பிடி?” என்றார்.

ஜெயமலர் பெட்டியைக் கீழே வைத்தாள். அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பற்றிமா தகப்பனின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள். கொறற்றி தாய்க்குப் பின்னால் ஒளிந்தாள்.

மேயர் குனிந்து, பூவை நீட்டி, கமெராவை ஒரு கண்ணால் பார்த்தபடி, “உனக்கு எத்தனை வயது?” என்று கேட்டார்.

“மாமா வயசு கேக்கிறார், பிள்ளை” என்றார் ஜேசுரட்ணம். சொன்ன பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டிய ஆளை மட்டும் அவர் மறந்துபோயிருந்தார்.

கொறற்றி தாயின் சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு கையை மட்டும் வெளியே நீட்டினாள். விரல்களை நன்றாக விரித்தாள். ஐந்து.

மேயரின் சிரிப்பு நின்றது. ஆசிரியை மேயரைப் பார்த்தார்.

ஜேசுரட்ணம் குந்தினார். தன் கட்டைவிரலைக் கொண்டுபோய் அந்தச் சின்னக் கைக்குப் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்தார். ஆறு.

“ஆறு!” என்றார் மேயர். கமெரா மின்னியது.

கொறற்றி அந்த விரலைப் பார்த்தாள். பிறகு விரலுக்குரிய ஆளைப் பார்த்தாள். படத்தில் இருந்த ஆள்தான், கொஞ்சம் மெலிவு. ஐந்து விரலையும் மடித்து அவருடைய கட்டைவிரலைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

“அஞ்சுதான் அப்பா” என்றாள், மெல்ல, அவருடைய பிழையைத் திருத்துகிறவளைப் போல.

“ஓம் ராசாத்தி” என்றார் ஜேசுரட்ணம். “வீட்டை போய்க் கதைப்பம்.”