வாழ்த்துப் பக்கத்தின் பின்புறம்

கள்ளக்குறிச்சியில் நான் நிருபராக இருந்த வாரப் பத்திரிகையின் ஆசிரியர் அதிர்ந்து பேசாதவர். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார், அவ்வளவுதான்.

மணல் திருட்டு பற்றி நான் எழுதிய செய்தியை நிறுத்தச் சொல்லி கான்ட்ராக்டர் ஒருவர் ஆபீசுக்கே வந்தார். "முழுப்பக்கம் பிறந்தநாள் விளம்பரம் தரேன். என் துட்டுல ஓடுற பேப்பர்ல எனக்கு எதிரா இன்னாய்யா நியூசு?"

ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். "விளம்பரத்த குடுங்க, போட்டுடலாம்."

விலைபோய்விட்டார் என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

பிறந்தநாளன்று கான்ட்ராக்டர் தன் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, பத்திரிகையைக் கட்டுக்கட்டாக வாங்கி ஊரெல்லாம் கொடுத்தார். அதே தாளின் பின்பக்கத்தில் மணல் செய்தி ஒரு வரி குறையாமல் இருந்தது.

மதியம் போனில் கத்தினார்.

"நான் எங்கங்க குடுத்தேன்? ஊர் பூரா நீங்கதான குடுத்துக்கினு போனீங்க?" என்றார் ஆசிரியர்.

செய்திக்காகச் செய்தாரா, அந்த 'இன்னாய்யா'வுக்காகவா? இன்றும் எனக்குத் தெரியாது. போனை வைத்தபின் அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை.