வேலியில் டக் டக்

நான் பயந்தாங்கொள்ளிதான். அதை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். மணிமுத்தாறு அணைக்குக் கீழே எங்கள் வாழைத்தோட்டம். அடுத்த தோட்டத்து அண்ணாச்சி காட்டுப்பன்றிக்கு என்று வரப்போரம் கம்பி இழுத்து, ராத்திரியானால் மோட்டார் அறையிலிருந்து திருட்டுத்தனமாகக் கரண்டு கொடுப்பார். விடிந்ததும் எடுத்துவிடுவார். ஒருநாள் மறந்துபோனால்? சண்டை போட்டும் பார்த்தாயிற்று. மனிதர் கேட்கிற ஆளில்லை.

ஓர் ஐப்பசிக் காலையில் காபித் தூக்கோடு போனேன். கம்பிப் பக்கமிருந்து 'டக்... டக்' என்று சத்தம். ஈர இலை பட்டால் கம்பி அப்படித்தான் பொரியும். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. தூக்கைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடினால், இவர் வரப்பில் குத்தவைத்துப் புதரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஏளா, சத்தம் போடாத. குருவிளா அது!"

புதருக்குள் மண்ணிறத்தில் சின்னக் குருவி. வாலை ஆட்டி ஆட்டி 'டக்' என்றது. நாணல் கதிர்க்குருவியாம், வடக்கே பனிக்குத் தப்பி இமயமலை தாண்டி வருகிறதாம், வெயில் ஏறினால் திரும்பிப் போய்விடுமாம். கல்லூரியில் படிக்கும் மகள் போனில் சொன்னாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அன்றிலிருந்து வேலியில் எது டக்கென்றாலும், "ஒன் குருவி கூப்பிடுது, போளா" என்று கேலி. வேலைக்கு வந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அடுத்து வந்த சித்திரையில், காற்றோடு மழை அடித்த மறுநாள் காலை. வாழைக்கு வைத்த முட்டுக்கம்பு ஒன்று சரிந்து வேலிக் கம்பியில் சாய்ந்து கிடந்தது. அதை எடுக்க இவர் சேற்றில் வெறுங்காலோடு போனார். 'டக்... டக்.'

"இந்தா, கூப்பிட்டுட்டுல்லா ஒன் குருவி" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

கொஞ்ச நாளாகவே அந்தப் புதர் ஊமையாகக் கிடந்தது. நான்தான் தினமும் காதைத் தீட்டிக்கொண்டு நடக்கிறவள் ஆயிற்றே, எனக்குத் தெரியும்.

"தொடாதிய! குருவி போயாச்சு!"

சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் இருவரும் வாய்க்காலில் விழுந்தோம். அங்கிருந்து பார்த்தால், கம்பிக்கடியில் ஒரு கீரிப்பிள்ளை பல்லைக் காட்டியபடி விறைத்துக் கிடக்கிறது. "கரண்ட எடுக்க மறந்துட்டேம்மா" என்றார் சத்தம் கேட்டு ஓடிவந்த அண்ணாச்சி, என்னமோ குழம்புக்கு உப்புப் போட மறந்த மாதிரி.

ஊரே கூடிச் சத்தம் போட்டதில் கம்பியை அவிழ்த்தார். அவர் வாழை குலை தள்ளியதும் மறுபடி இழுத்துவிட்டார், பாவி மனுசன்.

இப்போது திரும்பவும் ஐப்பசி. காலையில் வேலியோரம் சத்தம் கேட்கிறது. அன்றைக்குச் சிரித்தவர் இப்போது வரப்பு முனையிலேயே நின்றுகொண்டு கூப்பிடுகிறார்.

"ஏளா, வந்து கேளேன். குருவிதான?"

நின்று கேட்கிறேன். குருவிதான். ஆனாலும் ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.