பச்சை நிறத்தில் நான்

பெயின்ட்டில் கலக்கிற டர்பன்டைன் வாசம்... இன்றைக்கும் மூக்கிலேயே நிற்கிறது.

கேபிள் டிவி வந்த புதிது. கணபதி ஏரியாவில் எங்கள் வீட்டைச் சுற்றி லேத் பட்டறைகள். கிரீஸ் வாசம் பழகிப்போன ஒன்று. ஆனால் மாடிக்குச் செல்வி குடிவந்த பிறகு, இந்தப் புது வாசம் என் ரசத்தையே மீறிக்கொண்டு படியிறங்கி வந்தது.

செல்வி, டிராயிங் டீச்சர். வால்பாறைப் பெண். அம்மாவும் அப்பாவும் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்கள்.

ஒருநாள் கொல்லையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். "அம்மா, அப்படியே இருங்க. உங்கள வரையறேன்" என்றாள். எட்டு நாள் அதே கீரை! வாட வாடப் புதிதாகப் பறித்துப் பிடித்தேன். "இன்னைக்கும் கீரையா?" என்று வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக் கேட்பார்.

படத்தை மட்டும் காட்டமாட்டாள். சென்னிமலைப் பெட்ஷீட்டால் மூடிவிடுவாள்.

"கண்காட்சியில பாருங்கம்மா. நாலு பேரு படத்தோட என்னோடதையும் வெக்கிறாங்க. எனக்கு இதுதான் மொதத் தடவை. நீங்கதான் பெரிய படம்."

பெரிய படம்! அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் நான்... சும்மா இருப்பேனா? வெற்றிலை பாக்கோடு சொந்தபந்தத்தை வீடு வீடாகப் போய் அழைத்துவிட்டேன்.

அழைத்த முறைப்படியே வந்தார்கள். காங்கயத்திலிருந்து அண்ணன், பிறந்த வீட்டுச் சீராக ஏழு தட்டு! தேங்காய், பூ, வாழைப்பழம், பட்டுச்சேலை... கண்காட்சி ஹால் வாசலில் நின்ற தாடிக்கார ஓவியர் ஒருவர், எங்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

உள்ளே போனேன்.

ஆள் உயரப் படம். மூக்குத்தி என்னுடையது, மூக்கும் என்னுடையது. ஆனால் உடம்பெல்லாம் பாசிப்பச்சை! உச்சந்தலையில் முருங்கைமரம், கொண்டையில் மைனாக்கூடு, காலுக்குப் பதில் வேர்...

"ஏனுங்க்கா, உங்க படம் எதுங்க?"

பின்னால் சரசு. என் கொழுந்தன் மனைவி. ஒரு குறை கிடைத்தால் ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் சோறு தின்பாள்.

என் கை தானாக எதிர்ச்சுவரைக் காட்டியது. அங்கே தாமரைக் குளத்தில் ஒல்லியாக, சிவப்பாக ஒருத்தி.

"அதா... அதுதான் நானு."

"அக்கா, இப்படி எளச்சுப்போட்டீங்களே!"

"எட்டு நாள் ஒரே எடத்துல உக்காந்திருந்தா எளைக்காதா?"

அண்ணன் ஏழு தட்டையும் தாமரைக்காரி முன்னால் வரிசையாக வைத்துவிட்டார். அதை வரைந்தவர் அந்தத் தாடிக்காரர்தான் போல. ஓடிவந்து, கண்கலங்கிக் கும்பிட்டார்.

அப்போதுதான் செல்வியைப் பார்த்தேன். பச்சைப் படத்துக்குப் பக்கத்தில், புதுத்துணி உடுத்தி மலையிறங்கி வந்திருந்த அம்மா அப்பாவோடு நின்றாள். வேறு ஒரு ஆள் அந்தப் பக்கம் இல்லை. அவள் அம்மா என்னைக் காட்டி, "இவங்கதானா கண்ணு நீ சொன்னவங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது. செல்வி தட்டுகளைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. குனிந்து பழத்தட்டைத் தூக்கினேன்.

"அண்ணா, தட்டெல்லாம் எடுங்க. எடம் மாறிப்போச்சு."

"அப்ப அந்தப் பச்சையா நீங்க?" என்றாள் சரசு, ஹாலே திரும்பிப் பார்க்கிற குரலில்.

"ஆமா, நானேதான். இப்ப என்னங்கற?"

அண்ணன் கிட்டப்போய் மேலும் கீழும் பார்த்தார். "மூக்கு நம்ம வகையறா மூக்குதான் அம்மணி. வேரும் நல்லாத்தான் புடிச்சிருக்குது" என்றார். செல்வி சிரித்தேவிட்டாள். தாடிக்காரருக்குத்தான் தட்டுகளை விட மனசே இல்லை.

அந்தப் படத்தை யாரோ வெளியூர்க்காரர் வாங்கிப் போனார். ஒரு போட்டோகூட எடுத்துவைக்கவில்லை.

இப்போது பேத்தி செல்போனில் என்னை ஒரு நாளைக்கு நாற்பது போட்டோ எடுக்கிறாள். எடுத்ததும் விரலால் ஏதோ தேய்க்கிறாள். சுருக்கம் போய், கறுப்பு போய், கன்னத்தில் ரோஸ் வந்துவிடுகிறது. போன வாரம் ஒன்றை நீட்டி, "அம்மாயி, எப்படி இருக்குது பாருங்க!" என்றாள்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. யாரு இது?" என்றேன்.

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்...