காத்தாயியின் கொல்லை மண்

செஞ்சிக் கோட்டைக்கு அஸ்திவாரம் தோண்டியபோது காத்தாயி இடுப்பில் கை வைத்தபடி மேட்டில் நின்று, "இன்னும் ஒரு மொழம் தோண்டுங்கடா, மழைக்குச் சரிஞ்சிடப் போவுது" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அவள் கொல்லையில் மல்லாட்டை திருட வந்த ராஜா வீட்டுப் பிள்ளையைக் காதைத் திருகி அனுப்பியதும் அவள்தான். அவன் பெரியவனாகி நாட்டையே ஆண்டான். இருந்தாலும் அவள் கொல்லைப் பக்கம் வந்தால் குதிரையை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடப்பான்.

கோட்டை பார்க்க வரும் வெளியூர்க்காரர்களிடம் மோனிகா இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் வேகவைத்த மல்லாட்டை விற்பாள். பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்ட பெண். அதையே நிலக்கடலை என்று சொல்லி யாராவது விலை கேட்டால், அது இல்லை, மல்லாட்டைதான் இருக்கிறது என்று முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்வாள். காத்தாயி அவளுக்கு ஆயா, அப்பா தேவேந்திரனைப் பெற்றவள். அந்தக் கதையில் ராஜா பொய், கோட்டை பொய். செருப்பு மட்டும் நிஜம்.

சிங்கவரத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருந்த அந்தக் கொல்லைக்குள் காத்தாயி யாரையும் செருப்போடு விட்டதில்லை. கரண்டு கம்பம் நட வந்தவர் கூட பூட்ஸைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தார். திரும்பும்போது இன்னொரு சட்டம் உண்டு. வரப்போரம் சொரசொரப்பாக ஒரு கல் கிடக்கும். உள்ளங்காலை அதில் தேய்த்து, மண்ணைக் கொல்லையிலேயே உதிர்த்துவிட்டுத்தான் வெளியே கால் வைக்க வேண்டும். செடி பிடுங்கினாலும் வேரை உதறி உதறி, மண்ணை இறக்கிவிட்டுத்தான் கட்டுவாள். "நம்ம மண்ணு ஊர் மேயப் போவக் கூடாது. ஊரான் மண்ணு நம்ம வூட்டுக்கு வரக் கூடாது" என்பாள்.

சொல்வதோடு விடமாட்டாள். கொல்லையிலிருந்து வரும் பிள்ளைகளை வாசலில் நிறுத்தி, காலைத் தூக்கச் சொல்லி, கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவிப் பார்ப்பாள். ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் திரும்பவும் கொல்லைக்கே துரத்துவாள். மோனிகா சின்ன வயதில் வேண்டுமென்றே சேற்றை அப்பிக்கொண்டு வந்து நிற்பாள். ஒருநாள் ஆயா அவளைத் துரத்தவில்லை. அவள் சடையைப் பிடித்து, அதிலேயே அவள் காலைத் துடைத்துவிட்டாள்.

கஞ்சம், கருமி என்று ஊர் சிரித்தது. அது மண்ணே இல்லாமல் கிடந்த இடம் என்பதை ஊர் மறந்துவிட்டது. அவலூர்பேட்டைப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்கும் புருஷனுக்கும் சாண் நிலம் கிடையாது. ஊரார் கழனியில் கூலிக்குப் போனார்கள். யாரும் வேண்டாம் என்று விட்ட பாறைத் துண்டு ஒன்று அவர்கள் பேருக்குப் பட்டாவானது. கூலி முடிந்து வந்து பொழுது சாய்கிற வரைக்கும் கல் பொறுக்குவார்கள். கோடையில் ஏரி வற்றினால், அடியிலிருக்கும் வண்டலைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து வந்து அந்தப் பாறைமேல் கொட்டுவாள். எத்தனை கோடை என்று அவளுக்கே தெரியாது. வயிற்றில் பிள்ளையோடும் சுமந்தாள். கூடை உட்கார்ந்த உச்சந்தலையில் கடைசி வரை முடி முளைக்கவில்லை. மோனிகா அதை ஹெலிகாப்டர் இறங்குகிற இடம் என்பாள்.

"சிரிடி, சிரி. இதுல ஏறி வந்த மண்ணுதான் உன் வாயில சோறாப் போவுது" என்பாள் காத்தாயி.

மேல்மலையனூர் அமாவாசைக்குப் போன புருஷன் காய்ச்சலோடு திரும்பினான். அடுத்த அமாவாசைக்கு அவன் இல்லை. பொம்பளை ஏர் பிடித்தால் மழை பெய்யாது என்று ஊரில் தடுத்தார்கள். காத்தாயி பிடித்தாள். அந்த வருஷம் பெய்த மழையில் ஏரிக்கரை உடைந்தது. தடுத்தவர்கள் முட்டியளவு தண்ணீரில் நின்றபோது, போதுமா, இன்னும் இரண்டு சால் ஓட்டட்டுமா என்று போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

பக்கத்துக் கொல்லை ராமகிருஷ்ணனோடு அவளுக்கு ஆயுசுக்கும் வரப்புச் சண்டை. அவர் செத்தபோது போய் மனம்விட்டு அழுதாள். திரும்பி வரும் வழியில், வரப்பு இருந்த இடத்தில் இருக்கிறதா என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். தன் பிள்ளைகள் அவர் கொல்லையில் இறங்கினால் செருப்பு போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்பது அவள் தீர்ப்பு. "அந்த மண்ணுக்கு அது போதும்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழையில் வழுக்கிக் காத்தாயிக்கு இடுப்பு ஒடிந்தது. கண்ணிலும் புரை மூடிவிட்டது. கூடத்தில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். கொல்லைக் கிணறு வற்றியிருந்தது. மோனிகாவின் அக்காவுக்குக் கல்யாணம் நெருங்கியிருந்தது. பட்டா எப்போதோ தேவேந்திரன் பேருக்கு மாறியிருந்ததால், மனை போடுகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே உயிர் போய்விடும் என்று வீட்டில் எல்லோரையும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான்.

காத்தாயி கண் விழித்ததும் கேட்பது ஒன்றுதான். "கொல்லைல இன்னா போட்டுக்கிறீங்க?"

தேவேந்திரன் வாசலில் யாரோ கூப்பிட்டது போல எழுந்து போய்விடுவான். பதில் சொல்லும் வேலை மோனிகாவுடையது. அவள் மல்லாட்டை விதைத்தாள். களை வெட்டினாள். பூ இறங்கும்போது மண் அணைத்தாள். பஜாரில் வாங்கியதை ஆயாவின் மடியில் கொட்டி, நம்முடையது என்றாள். ஒருநாள் பன்றி புகுந்து மேய்ந்துவிட்டது என்று சும்மா ஒரு புளுகு விட்டாள். காத்தாயி பொழுதுக்கும் பன்றியின் வம்சத்தையே திட்டித் தீர்த்தாள். திட்டிய களைப்பில் ஒரு இட்லி கூடச் சாப்பிட்டாள். அதிலிருந்து அந்தப் பன்றி வாராவாரம் வந்தது. விற்றுவிட்ட நிலத்தில் மோனிகா மூன்று போகம் எடுத்தாள்.

இந்தப் புரட்டாசியில் காத்தாயி சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு பேச்சு நின்றது. கேள்வியும் நின்றது. மூச்சு மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. உறவெல்லாம் வந்து ஒவ்வொருவராகப் பால் ஊற்றினார்கள். பொன்னை உரசி அந்தத் தண்ணீரை ஊற்றினார்கள். உயிர் போகவுமில்லை, நிற்கவுமில்லை. அவலூர்பேட்டையிலிருந்து வந்திருந்த தங்கை மீனம்பாள்தான் சொன்னாள்: "மண்ணாச புடிச்சு நிக்குது. அதோட கொல்ல மண்ணு ஒரு பிடி கரைச்சு ஊத்துங்க. நிம்மதியாப் போயிடும்." நிலம் விற்றது அவளுக்கும் தெரியாது.

தேவேந்திரன் மோனிகாவைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், போய் எடுத்து வா என்றான்.

"அங்க ஏது நைனா நம்ம மண்ணு?"

"தோண்டிப் பாரு." அவன் அவளைப் பார்க்காமல் கிணற்றடியைப் பார்த்துச் சொன்னான். "எனக்கு அங்க போவ கால் வரல."

மோனிகா ஸ்கூட்டியில் போனாள். வரப்பு இல்லை. கால் தேய்க்கும் கல்லும் இல்லை. லாரி லாரியாகச் சிவப்புக் கிராவல் கொட்டி, ரோலர் ஓட்டி, மஞ்சள் பூசிய மனைக்கற்களை நட்டிருந்தார்கள். முதல் நாள் மழையில் எல்லாம் நனைந்து கிடந்தது. கேட்பதற்கு ஒருத்தரும் இல்லை. இருந்தும் அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள். கொண்டுபோன தோசைக்கரண்டியால் தோண்டினாள். கரண்டி வளைந்தது. விரலால் பிறாண்டினாள். ஆயாவின் தலையில் ஏறி வந்த ஏரி வண்டல் அதற்கும் அடியில் எங்கேயோ கிடந்தது. அவள் அப்படியே குந்திவிட்டாள். எங்கிருந்தோ வந்த காவல்காரர், ஏம்மா அழுகிறாய் என்று கேட்டதற்கு, கம்மல் தொலைந்துவிட்டது என்றாள். பாவம், அவரும் அவளோடு குனிந்து தேடினார்.

அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு, ராமகிருஷ்ணன் கொல்லையில் இறங்கினாள். தீர்ப்பு அப்படித்தானே. ஒரு பிடி அள்ளித் துப்பட்டாவில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அம்மா ராஜாம்பாள் அதைக் கரைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். தேவேந்திரன் சங்கில் வாங்கிக்கொண்டான். மோனிகா கட்டிலில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து ஆயாவின் தாடையைத் தாங்கிப் பிடித்தாள்.

"அம்மா, நம்ம கொல்ல மண்ணு. மோனிகா போயி எடுத்தாந்தா" என்று தேவேந்திரன் அவள் காதோரம் சொன்னான்.

நாள்கணக்காக அசையாத கை அசைந்தது. அது சங்குப் பக்கம் வரவில்லை. போர்வைமேல் ஊர்ந்து வந்து மோனிகாவின் காலைப் பிடித்தது. கட்டைவிரல் உள்ளங்காலை ஒருமுறை மேலிருந்து கீழே தடவியது. குழிவில் காய்ந்து ஒட்டியிருந்த கிராவல் நெருடியது. விரல் அங்கேயே நின்றது.

"இன்னாம்மா?" என்று தேவேந்திரன் குனிந்தான்.

"உன்ன இல்ல." காற்றுதான் அதிகம் வந்தது. புரை விழுந்த கண் மோனிகா பக்கம் திரும்பியது. "அந்தப் பன்னி... கிராவலயாடி மேஞ்சுது?"

தேவேந்திரன் சங்கை மறுபடியும் அம்மாவின் வாயருகே கொண்டுபோனான். காத்தாயி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அவள் நகம் மட்டும் மெதுவாக, பேத்தியின் உள்ளங்காலிலிருந்து கிராவலைச் சுரண்டியது. சுரண்டியதையெல்லாம் மோனிகாவின் கையை விரித்து அதில் உதிர்த்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.